கீழ்ப் பற்கள் மட்டும் தப்பித்தது எப்படி?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்து அரித்துப்போய்விட்டன. இராத்திரி கருப்பட்டி கலந்த பால்குப்பியை வாயில் வைத்தால்தான் தூங்குவான். சீனி நாங்கள் கொடுப்பதே இல்லை. ஏழு வயது மகள் மிட்டாய் தின்றே வளர்ந்தவள். அவளுக்கு ஒரு சொத்தைகூட இல்லை. “அவன் எச்சில் அப்படி. பால்பல்லுதானே, விழுந்து முளைக்கும்” என்கிறார் என் மாமியார். எச்சிலில் அப்படி வித்தியாசம் உண்டா? பரிசோதித்துப் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகி, இராஜாக்கமங்கலம்

பதில்: வித்தியாசம் உண்டு. சுரக்கும் அளவும் புளிப்பை முறிக்கும் திறனும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எச்சில்மேல் பழி போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் பையனை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கீழுதட்டை இறக்கிப் பாருங்கள். கீழ் முன்பற்கள் பளிச்சென்று இருக்கும் என்றே நினைக்கிறேன். அதே வாய், அதே பால், அதே எச்சில்!

நாக்கைத் தூக்கச் சொன்னால் அடியில், நடுச் சவ்வின் இருபுறமும் இரண்டு சிறு முனைகள் தெரியும். தாடைக்கடியில் இருக்கும் சுரப்பிகளின் உமிழ்நீர் அங்கேதான் வந்து விழுகிறது. கீழ் முன்பற்கள் மடைவாயில் இருக்கும் வயல். மேல் முன்பற்கள் கடைமடை. போதாததற்கு, குப்பியைச் சப்பும்போது நாக்கு கீழ்ப் பற்களை மூடிக்கொள்ளும். பால் மேல் பற்களைச் சுற்றித் தேங்கும்.

இனிப்பு பட்ட சில நிமிடங்களில் பல்லில் படிந்த கிருமிகள் அதை அமிலமாக்கிவிடும். பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையும். பகலில் உமிழ்நீர் அரைமணி, ஒருமணி நேரத்தில் அமிலத்தை முறித்து, கரைந்த தாதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பூசிவிடும். தூக்கத்திலோ சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் குப்பி வருகிறது. கருப்பட்டியில் சத்து இருக்கலாம். கிருமிக்கு அதுவும் சர்க்கரைதான்.

மகள் தப்பித்ததும் இதனால்தான் இருக்கும். பகலில் தின்று முடித்துவிடுகிறாள். எச்சிலுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. 1940-களில் சுவீடனின் விபெஹோம் காப்பகத்தில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஒட்டும் டாஃபியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நினைத்தாலே கூசும் ஆராய்ச்சி. சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே அடிக்கடி ஒட்டும் இனிப்பைத் தின்றவர்களுக்கே சொத்தை மிக அதிகம் என்று அதில்தான் தெரியவந்தது.

பரிசோதனை இருக்கிறது. மெழுகை மெல்லவைத்து, ஊறும் உமிழ்நீரைக் குவளையில் பிடித்து அளப்பார்கள். மூன்றரை வயதுப் பையன் அதற்கு இசைவானா? இனிமேல் சொத்தை வருமா என்பதற்கு, ஏற்கெனவே வந்த சொத்தையைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. அடிக்கடி அலர்ஜி சிரப் குடிக்கிறானா, வாயைத் திறந்து தூங்குகிறானா என்பதை மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டுமே வாயை உலர்த்தும்.

குப்பிப் பாலில் கருப்பட்டியை நிறுத்தி, நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஓரிரு வாரத்தில் வெறும் தண்ணீராகிவிடும். நாலு நாள் அழுவான், தாங்கிக்கொள்ளுங்கள். இராத்திரி ஃப்ளோரைடு பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து நீங்களே தேய்த்துவிடுங்கள். துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்துப் பல் மருத்துவரிடமோ இந்த வாரமே கூட்டிப்போங்கள். ஆரம்ப நிலையென்றால் வெள்ளிச்சத்துள்ள ஃப்ளோரைடு மருந்தைத் தடவியே அரிப்பை நிறுத்தப் பார்ப்பார்கள். கறுப்பு போகாது, ஆனால் வலி வருமுன் தடுக்கலாம்.

“விழுந்து முளைக்கும்” என்பது முன்பல்லுக்கு ஆறேழு வயதுக் கதை. கடைவாய்ப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டும். மகளுக்கோ பால்பல் வரிசைக்குப் பின்னால், எதுவும் விழாமலே, புதுக் கடைவாய்ப்பல் முளைத்திருக்கும். பலர் அதையும் பால்பல் என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்தமுறை அவள் ஏத்தங்காய் சிப்ஸ் தின்றதும் வாயைத் திறக்கச் சொல்லி, அந்தப் பல்லின் குழியில் மஞ்சளாக அப்பியிருப்பதைப் பாருங்கள்.