பொடி ஏந்தும் உருளை

ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளுதல் எளிது. பற்றியதை உரிய இடத்தில், உரிய அளவில் கொடுத்தல் அரிது. அவ்வரிய செயலை ஆரவாரமின்றிச் செய்து வருகின்றது, படியெடுக்கும் பொறியினுள்ளே மறைந்து கிடக்கும் ஓர் உருளை. 'ஜெராக்ஸ்' என்னும் பெயர்ப்பலகை தாங்கிய கடைகள் இன்று சிற்றூர்களிலும் உள்ளன. ஆங்குச் சென்று சான்றிதழுக்குப் படி பெற்று மீள்வோர் பலர். அப்படியில் எழுத்து எவ்வாறு வந்து அமர்ந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே ஆவர்.

இப்பொறிக்கு வித்திட்டவர் அமெரிக்க நாட்டினராகிய செஸ்ட்டர் கார்ல்சன் என்பவர். அவர் 1906-ஆம் ஆண்டில் சியாட்டில் நகரிற் பிறந்தார். முடிதிருத்தும் தொழிலராகிய தந்தையார் நோய்வாய்ப்பட்டமையால், இளமையிலேயே உழைத்துப் பொருளீட்டிக் குடும்பத்தைத் தாங்கும் கடமை அவர்மேல் வீழ்ந்தது. வறுமையிடையே இயற்பியல் பயின்று 1930-இல் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க் நகரில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவிற் பணியாற்றினார். காப்புரிமை ஆவணங்களுக்குப் படிகள் பல வேண்டும். அவற்றை மீண்டும் தட்டெழுதினால் காலம் கழியும். நிழற்படம் எடுத்தாலோ பொருள் செலவாகும். மாலை வேளையில் சட்டம் பயின்ற அவர், நூல்களை விலைகொடுத்து வாங்க இயலாமல், நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டார். மூட்டு நோயால் கை நொந்தது. கண்ணோ கிட்டப்பார்வை உடையது. இத்துன்பத்திற்கு ஒரு முடிவு காணுதல் வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1938-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22-ஆம் நாள், நியூயார்க்கின் ஒரு பகுதியாகிய அஸ்டோரியாவில், அவரும் துணைவராகிய ஓட்டோ கோர்னியும் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றம் பெறச் செய்தனர். அன்றைய நாளும் அவ்வூர்ப் பெயரும் மையால் எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினர். ஒளி பட்ட இடங்களில் மின்னேற்றம் நீங்கியது; எழுத்தின் நிழல் விழுந்த இடங்களில் மட்டும் எஞ்சி நின்றது. பின்னர் நுண்ணிய பொடியைத் தூவி மெல்ல ஊதினர். மிகுந்த பொடி பறந்தது, எழுத்து நின்றது! அதனை மெழுகுத்தாளில் ஒற்றி வெப்பமூட்டியபோது முதற்படி கிடைத்தது.

அரிய வெற்றியே எனினும், உலகம் அதனை உடனே போற்றிற்றில்லை. இருபதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அவர் கண்டுபிடிப்பை ஏற்க மறுத்தன. 1944-இல் பாட்டெல் ஆய்வு நிறுவனமும், 1947-இல் ஹாலாய்டு நிறுவனமும் கைகொடுத்தன. ஹாலாய்டு நிறுவனமே பிற்காலத்தில் ஜெராக்ஸ் என்னும் பெயர் பெற்றது. தூவுதலும் ஊதுதலும் ஆய்வறைக்கு அமையும். ஓயாது இயங்கும் பொறிக்கு அமையுமோ? ஆகவே, பொடி ஒட்டிய சிறு மணிகளை உருளையின்மேல் அருவிபோல் உருண்டோடச் செய்யும் முறையை வகுத்தனர். 1959-ஆம் ஆண்டில் வெளிவந்த '914' என்னும் பொறி இம்முறையையே கையாண்டது. எனினும், மணிகளைப் பொழிந்து மீண்டும் திரட்டுவதற்கு இடம் மிகுதியாக வேண்டியிருந்தது. அக்குறையை நீக்க வந்ததே காந்தத்தை அகத்தே கொண்ட, பொடி ஏந்தும் உருளையாகும்.

லேசர் அச்சுப்பொறியினுள் இருவகை உருளைகளைக் காணலாம். ஒன்று, ஒளி பட்டால் மின்னேற்றம் இழக்கும் பூச்சினையுடைய 'டிரம்' என்னும் பேருருளை. எழுத்து அமைய வேண்டிய இடங்களில் மட்டும் லேசர் ஒளி அதன்மேற் படும். மற்றொன்று, அதன் அருகே சுழலும் பொடியேந்தி. பலவகைப் பொறிகளில் இது மெல்லிய குழாய் வடிவினது. குழாய் சுழல, உள்ளேயுள்ள காந்தம் அசையாது நிற்கும். 'டோனர்' எனப்படும் மைப்பொடியில் பிளாஸ்டிக்குடன் இரும்பு ஆக்சைடும் கலந்திருத்தலின், பொடி காந்தத்தால் ஈர்க்கப்பட்டுக் குழாயின்மேற் படிகின்றது. படியை நிரப்பி, மேலே மிகுந்த நெல்லைக் கையால் வழித்து விடுதல்போல, ஒரு தகடு மிகுந்த பொடியை வழித்து, சீரான மெல்லிய படலமாக்குகின்றது. அவ்வாறு உராயும்போதே பொடி மின்னேற்றமும் பெறுகின்றது.

இரண்டு உருளைகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே ஒரு மில்லிமீட்டரினும் குறைந்த இடைவெளி உண்டு. காந்தம் பொடியைத் தன்பால் இழுக்கும். மின்விசையோ டிரம்மின்பால் இழுக்கும். ஒளி பட்ட இடம் எதிர்ப்படுங்கால், மின்விசை காந்த விசையை வென்று பொடியைத் தாவச் செய்யும். ஒளி படாத இடத்தில் நின்ற மின்னேற்றமோ பொடியை விலக்கும். அங்கே தாள் வெண்மை குன்றாது விளங்கும். காந்தத்தின் பிடி தளர்ந்தால் தாள் முழுதும் கறை படரும். பிடி மிகுந்தால் எழுத்து மங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவிலேதான் எழுத்துத் தெளிவுறும். இவ்வாறு டிரம்மிற் படிந்த பொடி தாளுக்கு மாறி, ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பமுடைய உருளையாற் பதிக்கப்படுகின்றது.

பொடியேந்தியின் மேனியில் ஒரு கீறல் விழுந்தால், அதன் வடு தாளில் ஒரே சீரான இடைவெளியில் மீண்டும் மீண்டும் தோன்றும். பழுது பார்ப்போர் அவ்விடைவெளியை அளப்பர். ஒவ்வோர் உருளைக்கும் சுற்றளவு வேறாதலின், குற்றம் எவ்வுருளையினது என்பதை அவ்வளவே காட்டிக் கொடுத்துவிடும்.

முயற்சியின் பயனாகக் கார்ல்சனுக்குப் பெருஞ்செல்வம் வந்து சேர்ந்தது. இளமையில் வறுமையுற்ற அவர் அதனை இறுகப் பற்றிக்கொண்டாரல்லர். பெரும்பகுதியை அறப்பணிகளுக்கு, பல வேளைகளில் தம் பெயரும் வெளிப்படாதவாறு, வழங்கி, 1968-இல் மறைந்தார். கைக்கு வந்ததைக் காத்தலும், வேண்டுமிடத்தில் விடுத்தலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே பயன் தரும் வாழ்வு. பொறியினுள் மறைந்து சுழலும் அச்சிற்றுருளையின் செயலும் அத்தகையதே அன்றோ?