வலிக்காத அழற்சியும் நீரிழிவும்

முழு உடல் பரிசோதனை முடிவுகளுடன் எங்களிடம் வருவோரில் சிலர் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கின்றனர்: "சர்க்கரை சரியாக இருக்கிறது. ஆனால் சி.ஆர்.பி. சற்றுக் கூடுதல் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு நீரிழிவு வந்துவிடுமா?" ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் இதற்கு விடை கூற இயலாது.

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ள வெள்ளணுக்களை அனுப்புவதால் ஏற்படும் இம்மாற்றமே அழற்சி. வேலை முடிந்ததும் அது அடங்கிவிடும். நீரிழிவோடு தொடர்புடைய அழற்சியோ வலிப்பதில்லை, காய்ச்சலும் தருவதில்லை. மிகக் குறைந்த அளவில் ஆண்டுக்கணக்காகத் தொடர்கிறது. குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் வயிற்றுக் கொழுப்பே அதன் முக்கிய இருப்பிடம்.

கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே மருத்துவ உலகம் நெடுநாள் கருதியிருந்தது. 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலியோர், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் அழற்சிப் பொருள் மிகுதியாக உருவாவதைக் கண்டனர். அதைத் தடுத்தபோது இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. அளவுக்கு மீறிப் பருத்த கொழுப்பு அணுக்களைச் சுற்றி வெள்ளணுக்கள் குவிகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அங்கிருந்து வெளிப்படும் பொருள்கள் தசையிலும் கல்லீரலிலும் இன்சுலினின் செயலை மந்தமாக்குகின்றன. ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அதனால் இயன்றவரை இரத்தச் சர்க்கரை இயல்பாகவே காணப்படும்; கணையம் களைப்புறும்போதுதான் ஏறத் தொடங்கும்.

தொடக்கத்தில் சி.ஆர்.பி. மிகுந்திருந்த பெண்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகமாக இருந்ததை 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எனினும் சளி, பல் சீழ், மூட்டு நோய் ஆகிய எதனாலும் அந்த எண் உயரும். ஆகவே ஒருமுறை எடுத்த சி.ஆர்.பி. அளவைக் கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம். நீரிழிவைக் கண்டறிய வெறும் வயிற்றுச் சர்க்கரை, குளுக்கோஸ் அருந்தியபின் பார்க்கும் சர்க்கரை, ஹெச்பிஏ1சி ஆகிய சோதனைகளே உரியவை.

அப்படியானால் அழற்சியை மருந்தால் அடக்கிவிடலாமே என்று தோன்றும். அந்த எண்ணம் பழையது. 1876-இலேயே ஜெர்மனியில் எப்ஸ்டைன் என்னும் மருத்துவர் சோடியம் சாலிசிலேட்டை நீரிழிவாளருக்குக் கொடுத்துச் சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் கண்டார். ஆனால் அம்மருந்தின் மிகுந்த அளவு காதிரைச்சலையும் இரைப்பை இரத்தக்கசிவையும் உண்டாக்கவல்லது. அண்மையில் மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கனகினுமாப் என்னும் அழற்சி தடுப்பு ஊசி ஆராயப்பட்டது. சி.ஆர்.பி. நன்றாகக் குறைந்தது, புதிதாக நீரிழிவு வருவதோ குறையவில்லை. எனவே இந்நோக்கத்துக்காகக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், சிறுநீரகம் கெடும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளாலும் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டுள்ளது. குழம்பில் இடும் மஞ்சளைப் பற்றி நாங்கள் குறை கூறவில்லை.

பயன் தந்த வழி நம் அருகிலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாசலில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நாள்தோறும் அரைமணி நேர விரைவு நடை, சர்க்கரையும் தீட்டிய அரிசி, மைதா போன்றவையும் குறைந்த உணவு என வாழ்முறையை மாற்றியவர்களில் அது ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்தது. அவர்களது எடையில் பெரிய மாற்றம் ஏதும் நிகழவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தராசு அசையவில்லை என்று நடையை நிறுத்திவிடுவோர் பலர். உழைக்கும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலேயே சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. புகையை விடுவதும், இரத்தம் கசியும் ஈறுகளுக்குப் பல் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவதும் அழற்சியைத் தணிக்கும்.

இவ்விதழைப் படிப்போரில் பலர் நோயாளியின் மகனாகவோ மகளாகவோ துணைக்கு வந்தவர்கள். தாய்க்கோ தந்தைக்கோ நீரிழிவு இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம். கைகால் மெலிந்திருந்தாலும் வயிறு முன்தள்ளியிருக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் நம் நாட்டினருக்கான வரம்பு. அதைத் தாண்டினால், எந்தத் தொந்தரவும் இல்லாவிடினும், சர்க்கரைச் சோதனை செய்துகொள்ளுங்கள். அளவு நாடா புறநோயாளிப் பிரிவின் செவிலியரிடம் இருக்கிறது. கேட்டால் அளந்து சொல்வார்கள்.