72 எடுத்தால் போதுமா?

ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி பக்கத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு, திறனறித் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வான என்.எம்.எம்.எஸ்.-இல் 180-க்கு 78 எடுத்தான். 40 சதவீதம் எடுத்தால் பாஸ் என்றார்கள். பட்டியலில் பெயர் இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு தாய், ஆரம்பாக்கம்

பதில்: யாரும் ஏமாற்றவில்லையம்மா, யாரும் விளக்கிச் சொல்லவும் இல்லை. 72 மார்க் என்பது (எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 58) வரிசையில் நிற்கத் தகுதி, அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்கு உள்ள இடம் 6,695. ஒவ்வொரு இட ஒதுக்கீட்டுப் பிரிவிலும் அதிக மார்க்கிலிருந்து எண்ணிக்கொண்டு வருவார்கள். எந்த மார்க்கில் இடம் தீர்கிறதோ அதுதான் கட்-ஆஃப். அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 72-ஐக் குறிவைத்துப் பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்புவது பெருந்தவறு.

இன்னொரு தவறு இதைவிடப் பெரிது. 180-ல் சரிபாதி மனத்திறன் பகுதி. எண் தொடர், கண்ணாடி பிம்பம், விடுபட்ட உருவம் எல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லை என்று பல பள்ளிகளில் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். மீதி 90-ல் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. கணக்குக்கு மட்டும் டியூஷன் வைத்தால் எத்தனை மார்க் தேறும்? மனத்திறன் பகுதியில் 90 கேள்விக்கு 90 நிமிடம். 2, 6, 12, 20, 30 என்று பார்த்ததும் 42-க்குக் கை போக வேண்டும். ஜூன் மாதத்திலிருந்தே தினம் பத்துக் கேள்வி போட்ட பிள்ளைக்குத்தான் அது போகும். தேர்வானால் மாதம் 1,000 வீதம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை 48,000 ரூபாய். கம்பெனியில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிற வீட்டில் அந்தப் பணம் ஒரு பெண்ணின் படிப்பை நிற்காமல் காப்பாற்றும்.

கேள்வி: சிப்காட்டில் வேலை. ஓவர்டைமோடு ஆண்டுக்கு 3,70,000 வருகிறது. ஓவர்டைமை விட்டுவிட்டு வருமானச் சான்று வாங்கலாமா?

பதில்: கூடாது. என்.எம்.எம்.எஸ்.-க்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 3,50,000. பொய்ச் சான்றைப் பிள்ளையின் விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: மகள் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு. என்.எம்.எம்.எஸ். எழுதலாமா?

பதில்: முடியாது; அது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டும். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய். பாதி இடம் அரசுப் பள்ளிக்கு, மீதிப் பாதியில் தனியார் பள்ளி மாணவர்களும் போட்டியிடலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிளஸ் டூவில் 81 சதவீதம். மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகைக்கு 80 போதுமாமே?

பதில்: அவர்கள் கேட்பது மார்க் சதவீதம் அல்ல. உங்கள் பாடப்பிரிவில் தேறியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். குடும்ப வருமானமும் 4,50,000-ஐத் தாண்டக்கூடாது.

கேள்வி: என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை வாங்கும் நான் பத்தாம் வகுப்பு அரையாண்டில் 280 மார்க்தான் எடுத்தேன். பணம் நின்றுவிடுமா?
– மாணவி, எளாவூர்

பதில்: பயப்படாதே. அரையாண்டு மார்க்கை யாரும் கேட்கமாட்டார்கள். பொதுத்தேர்வில் 500-க்கு 300 வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 275. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பிளஸ் ஒன் சேர்ந்ததும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க மறந்துவிடாதே. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே போய்ப் பார்.