கீனோ அடிகளார்

வட அமெரிக்காவில், மெக்சிகோ நாட்டின் வடமேற்கிலும் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அரிசோனா மாநிலத்தின் தெற்கிலும் பரந்து கிடப்பது சொனோரா என்னும் பாலைநிலம். ஓங்கி வளர்ந்த கள்ளிகளும் வறண்ட குன்றுகளும் நிறைந்தது அந்நிலம். அங்கே சிற்றாறுகளின் கரைகளில் மக்காச்சோளமும் அவரையும் பயிரிட்டு வாழ்ந்தவர் ஓதாம் என்னும் தொல்குடி மக்கள். ஸ்பானியர் அவர்களைப் பீமாக்கள் என்று அழைத்தனர். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பானியப் பேரரசின் வடவெல்லை அந்நிலத்தை எட்டியது. எல்லைப்புறத்தில் ஸ்பானியர் நாடியது வெள்ளி; பழங்குடி மக்களுக்கு வாய்த்ததோ சுரங்கங்களில் கட்டாய உழைப்பு. அத்தகைய காலத்தில் அம்மக்களிடையே சென்று, 24 ஆண்டுகள் வாழ்ந்து, அவர்தம் நம்பிக்கைக்கு உரியவராய் விளங்கியவர் கீனோ அடிகளார்.

எவுசேபியோ கீனோ 1645ஆம் ஆண்டில், இன்று இத்தாலி நாட்டில் உள்ள திரெந்து நகரை அடுத்த செஞ்ஞோ என்னும் சிற்றூரில் பிறந்தார். மாணவராய் இருந்தபோது கொடிய நோய் ஒன்று அவரைப் பற்றியது. நோய் நீங்கினால் சமயத் தொண்டராய்ப் பிற நாடு செல்வதாகத் தூய சவேரியாரை எண்ணி அவர் நேர்ந்துகொண்டார். சவேரியார், நம் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே தொண்டாற்றியவர் என்பதை நாம் அறிவோம். உடல்நலம் பெற்ற கீனோ, அப்பெரியாரின் 'பிரான்சிஸ்கோ' என்னும் பெயரைத் தம் பெயருடன் இணைத்துக்கொண்டு, 1665இல் இயேசு சபையில் சேர்ந்தார். கணிதத்திலும் வானியலிலும் வல்லவரான அவருக்குப் பேராசிரியர் பதவி காத்திருந்தது. அவர் உள்ளமோ சீன நாட்டை நாடியது. கீழ்த்திசைக்கு ஒருவர், மெக்சிகோவுக்கு ஒருவர் செல்லவேண்டும் என்று ஆணை வந்தபோது, அவரும் தோழர் ஒருவரும் சீட்டெடுத்தனர். கீனோவின் கைக்கு வந்தது மெக்சிகோ. வந்ததை மனமுவந்து ஏற்று, 1681இல் அவர் மெக்சிகோவை அடைந்தார்.

முதலில் கலிபோர்னியாவில் அவர் செய்த பணி, வறட்சியாலும் உணவுக் குறைவாலும் 1685இல் கைவிடப்பட்டது. பின்னர்ப் பீமாக்களின் நாட்டிற்கு அவர் அனுப்பப்பட்டார். புறப்படுமுன் குவாதலஹாரா நகரத்து உயர்மன்றத்தை அணுகி, புதிதாகச் சமயத்தில் சேர்வோரை ஐந்தாண்டுக் காலம் சுரங்க வேலைக்கு இழுத்தல் ஆகாது என வேண்டினார். ஸ்பெயின் அரசரின் ஆணையோ 20 ஆண்டு விலக்கு அளித்தது. அவ்வாணையைக் காப்பாகக் கொண்டு, 1687இல் தொலோரெஸ் என்னும் இடத்தில் அடிகளார் தம் முதல் நிலையத்தை அமைத்தார். அதனைத் தொடர்ந்து பல ஊர்களில் கோயில்கள் எழுந்தன. கோதுமையும் ஐரோப்பியக் கனிமரங்களும் அந்நாட்டில் வேரூன்றின. மாட்டு மந்தைகள் பெருகின.

1695ஆம் ஆண்டில் அவர் பணிக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. நிலையம் ஒன்றில் மேற்பார்வையாளர் இழைத்த கொடுமையால் பீமாக்கள் சிலர் வெகுண்டெழுந்தனர். கபோர்க்கா என்னும் ஊரில் சயேத்தா என்னும் இளந்துறவி கொல்லப்பட்டார். அமைதி பேசலாம் என்னும் சொல்லை நம்பி, குற்றமற்றோர் பலரும் படைக்கலம் நீக்கித் துப்போ என்னும் இடத்தில் கூடினர். குற்றவாளிகளைச் சுட்டிக் காட்டிய வேளையில், ஸ்பானியப் படைத்தலைவன் ஒருவன் வாளை உருவி ஒருவன் தலையைக் கொய்தான். மக்கள் அஞ்சி ஓடினர்; படைவீரர் அவர்களைத் துரத்திக் கொன்றனர். ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் குற்றமற்றவர். நம்பிக்கை முறிந்தது, கோயில்கள் பல தீக்கிரையாயின.

அடிகளார் அஞ்சி ஓடினாரல்லர். தொலோரெஸ் நிலையத்திலேயே தங்கி, தலைவர்களிடம் மீண்டும் மீண்டும் தூது அனுப்பினார். அவ்வாண்டின் ஆகஸ்டுத் திங்களில் அமைதி மலர்ந்தது. எனினும் பீமாக்கள் மீது பழி சுமத்துவோர் ஓயவில்லை. ஆகவே, நவம்பரில் குதிரையேறி, ஏழு வாரங்களுக்கு மேல் பயணம் செய்து மெக்சிகோ நகரை அடைந்த அடிகளார், அம்மக்களுக்காக வாதாடினார். தம் இனத்தார் செய்த தவற்றை மறையாது எடுத்துரைக்கும் நெஞ்சுரம் அவரிடம் இருந்தது.

அம்மக்களின் நட்பே அவருக்குப் பெரியதோர் உண்மையையும் காட்டிற்று. கலிபோர்னியா ஒரு தீவு என்று அக்காலத்து நிலப்படங்கள் வரைந்து காட்டின. அடிகளாரும் சிலகாலம் அவ்வாறே நம்பினார். 1699இல் ஹீலா ஆற்றங்கரை மக்கள் அவருக்கு நீலநிறச் சிப்பிகள் சிலவற்றை அன்பளிப்பாகத் தந்தனர். கலிபோர்னியாவின் மேலைக் கடற்கரையில் தாம் முன்பு கண்ட சிப்பிகளே அவை என்பதை அடிகளார் உணர்ந்தார். கடலைக் கடக்க மரக்கலமற்ற மக்களின் கையில் அவை எவ்வாறு வந்தன? இடையில் நிலவழி இருத்தல் வேண்டும் என்று தெளிந்தார். 1701இல், தெப்பத்தின்மீது வைத்த பெருங்கூடையில் அவரை அமர்த்தி, அந்நாட்டு மக்கள் நீந்தித் தள்ளிக் கொலராடோ ஆற்றைக் கடக்கச் செய்தனர். மறு ஆண்டில் அவ்வாறு கடலொடு கலக்கும் இடத்தையும் கண்டார். கலிபோர்னியா தீவன்று, தீபகற்பமே என்று காட்டிய அவரது நிலப்படம் 1705இல் பாரிசு நகரில் வெளிவந்தது. எனினும் ஐயம் எளிதில் அகலவில்லை. 1747இல்தான் ஸ்பெயின் அரசர் அவ்வுண்மையை ஆணையாக அறிவித்தார்.

சமயத் தொண்டர் சென்ற வழியில் பேரரசும் பின்தொடர்ந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஐரோப்பியரோடு வந்த அம்மையும் பிற கொள்ளைநோய்களும் பழங்குடியினர் பலரை மாய்த்தன. அவர்தம் பழைய வாழ்க்கை முறையும் குலைந்தது. அவ்வரலாற்றில் அடிகளாருக்கும் பங்குண்டு. ஆயினும், வலியவர் சொல் தவறிய இடத்தில் எளியவர் பக்கம் நின்றவர் என்ற பெருமையும் அவருக்கே உரியது.

1711ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மக்தலேனா என்னும் ஊரில் சவேரியார் பெயரால் எழுந்த சிறு கோயிலைத் திறந்துவைக்க வந்த அடிகளார், அங்கேயே நோயுற்று உயிர் நீத்தார். ஆயிரக்கணக்கான மாடுகள் மேய்ந்த நாட்டில், இரண்டு கன்றின் தோல்களே அவருக்குப் படுக்கை. பொதிச் சேணமே தலையணை. பிறருக்கென உழைத்துத் தமக்கென ஒன்றும் வையாத அவரை, அவ்வூர் தன் பெயரோடு சேர்த்து 'மக்தலேனா தெ கீனோ' என இன்றும் வழங்குகின்றது.