விராலுக்கு எந்தத் தவளை?

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கியதும் அறைக்குப் போகாமல் நேரே ஏரிக்கரைக்கு நடக்கிற பையன்களை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பார்க்கிறேன். முன்பு மூங்கில் கம்பும் தங்கூஸும் மண்புழுவும் இருந்தால் போதும். இப்போது ராடு, ரீல், பெட்டி நிறைய லூர் எனும் போலி இரைகள்: ரப்பர் தவளை, பளபளக்கும் தகடு, பிளாஸ்டிக் மீன். எல்லாம் செல்போனில் வாங்கியவை. கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, நம்ம ஏரிக்கு எந்த லூர் எடுக்கும்?"

தூண்டில் முள் வெளியே துருத்தாத, உள்ளே வெற்றிடமான ரப்பர் தவளை. ஒன்றே போதும் என்பேன். ஏன் என்று விளக்கப் போனால்தான் சில நம்பிக்கைகள் குறுக்கே வந்து நிற்கின்றன.

"நல்ல லூர் என்றால் எல்லா மீனும் கடிக்கும்"

கடிக்காது. நம் ஏரிகளில் குஞ்சு விட்டு வளர்க்கிற கட்லா மேல்மட்டத் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்பது. ரோகுவுக்குப் பாசியும் செடியும். மிர்கால் அடிச்சேற்றில் மட்கியதைத் தின்னும். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீனுக்கும் பாசிதான் முக்கியத் தீனி. இவை மாவு உருண்டைக்கோ புழுவுக்கோ வருவதுபோல் ரப்பருக்கு வராது. ஓடுகிற இரையைத் துரத்திப் பிடிப்பவை விராலும் அதன் தம்பி குறவையும். ஆகவே லூர் வாங்குவது என்றால் இங்கே விராலுக்கு வாங்குவதுதான்.

விரால் எங்கே நிற்கும்? ஆகாயத்தாமரைக்கு அடியில், கோரைக்குள், மூழ்கிக் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவில். செவுளால் மட்டும் அதற்கு மூச்சு போதாது. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிப் போகும். ஏரியும் ஆழமில்லை. நிரம்பி வழியும் செம்பரம்பாக்கம் ஏரிக்கே நீர்மட்டக் கணக்கு 24 அடிதான். நாம் கரையிலிருந்து வீசுகிற இடம் பெரும்பாலும் இடுப்பளவு. அங்கே ஆழத்தில் பாயும் லூரையும் மூன்று கொக்கி தொங்கும் லூரையும் போட்டால் முதல் வீச்சிலேயே செடியில் மாட்டும். இழுத்தால் தூண்டில் நரம்பு அறும். அறுந்த நரம்பு நீர்க்காகத்தின் காலில் சுற்றும். அதை அவிழ்க்க யாரும் வரப்போவதில்லை.

"கலர்தான் மீனை இழுக்கும்"

பையன்களின் பணம் கரைவது இதில்தான். ஒரே தவளை, எட்டு நிறம். மழைத் தண்ணீர் இறங்கிய ஏரி டீ நிறத்தில் கலங்கிக் கிடக்கும். ஒரு முழத்துக்கு அப்பால் மீனுக்குப் பார்வை தெளியாது. மேலே மிதக்கும் தவளையைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற விராலுக்குத் தெரிவது வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கறுத்த உருவம். முதுகில் இருக்கிற மஞ்சளும் பச்சையும் கரையில் நிற்கும் நமக்கு அடையாளம், அவ்வளவே. விராலின் விலாவில் ஓடும் உணர்கோடு தண்ணீரின் அதிர்வைப் பிடிக்கிறது. இலை மேலிருந்து தண்ணீரில் தவளை விழுகிற சத்தமும் அது நகரும் துடிப்பும்தான் அழைப்பு.

"விலை கூடினால் ஏமாற்றாது"

பின்லாந்து மீனவர் லாரி ரப்பாலா 1936இல் செய்த முதல் லூர் ஒரு தக்கைத் துண்டு. சாக்லேட் சுற்றிய தகட்டை மேலே ஒட்டினார். பழைய போட்டோ பிலிமை உருக்கிப் பூசினார். அடிபட்ட குஞ்சு மீன் தள்ளாடி நீந்துவதைப் பெரிய மீன்கள் தேடிப் பிடிப்பதை அவர் கவனித்திருந்தார். விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லாமல் அந்தத் தள்ளாட்டத்தைத் தக்கையில் கொண்டுவந்ததுதான் அவர் சாதனை.

கடையில் தவளையை எடுத்தால் விலைச்சீட்டுக்கு முன்னால் அதன் வயிற்றைப் பாருங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்குங்கள். லேசான அமுக்கத்தில் ரப்பர் குழிந்து இரண்டு முள்ளும் முதுகுக்கு மேலே எழ வேண்டும். கெட்டியாக நின்றால் விரால் கவ்வினாலும் முள் வெளிவராது. பிறகு முள்முனையை நகத்தின்மேல் சாய்த்து வைத்து மெல்ல இழுங்கள். குத்தி நின்றால் கூர், வழுக்கினால் மழுங்கல். நரம்பு இழுபடாத பிரெய்டாக, அதாவது பின்னல் நூலாக இருக்கட்டும். நைலான் நீண்டு கொடுக்கும். நாம் சுண்டுகிற வேகம் முள்ளுக்குப் போய்ச் சேராது.

"கடித்ததும் சுண்டி இழு"

ஆகாயத்தாமரை இலையில் தவளையை நிறுத்தி, ஓரத்திலிருந்து மெல்ல இறக்குகிறோம். இலைக்கு அடியில் தண்ணீர் ஒருமுறை புடைக்கும். அடுத்த நொடி 'டொப்' என்று ஒரு குழி விழும், தவளையைக் காணோம். கை தானாக எழும். எழுந்தால் தவளை பறந்து நம் முகத்துக்குத்தான் வரும். விரால் கவ்வியபின் வாயை மூடித் திரும்ப வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பு நகர்வதைப் பார்த்துவிட்டுச் சுண்டுங்கள். எனக்கு இந்த இரண்டு எண்ணிக்கை கைவர ஒரு மழைக்காலம் ஆயிற்று.

"குஞ்சுக் கூட்டத்தில் போட்டால் தப்பாது"

உண்மைதான், தப்பாது. அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். மழைக்காலத்தில் கரையோரம் விராலின் செங்குஞ்சுகள் கைக்குட்டை அகலத்துக்குக் கூட்டமாகக் கொப்பளித்துக் கொண்டிருக்கும். அடியில் தாய் தகப்பன் காவல். அங்கே விழுந்த தவளையை விரால் அடிப்பது பசியில் அல்ல, பிள்ளையைக் காக்க. அதைப் பிடித்துச் சாக்கில் போட்ட சற்று நேரத்தில் மற்ற மீன்களும் கொக்கும் அந்தச் சிவப்பைத் தின்று தீர்க்கும். ஒரு விராலுக்காக நூற்றுக்கணக்கான குஞ்சு போகிறது. ஏரியின் மீன்பிடி உரிமையை, அதாவது மீன்பாசியை, ஏலம் எடுத்தவரிடம் அனுமதி கேட்டுத்தான் நாம் கரையில் நிற்கிறோம். அவருக்கும் அடுத்த வருஷத்து மீன் அதுதான்.

செங்குஞ்சு கண்ணில் பட்டால் நான் தவளையை ராடு வளையத்தில் மாட்டிவிட்டு மதகுப் பக்கம் நடந்துவிடுவேன். அங்கேயும் கோரை இருக்கிறது.