காப்போரைக் காத்தல்

நுழையும்முன்

கொள்ளைநோய்க் காலத்தில் ஊர் கதவடைத்திருக்க, மருத்துவமனைகளின் கதவுகள் இரவும் பகலும் திறந்திருந்தன. அங்குப் பணியாற்றியோரும் ஒரு வீட்டின் தாயாக, தந்தையாக, மகளாக, மகனாக வாழ்பவர்களே. கடமைக்கும் குடும்பத்திற்கும் இடையே அவர்கள் உறும் இன்னலையும் அவர்தம் மனநலம் காக்கும் வழிகளையும் இப்பாடம் ஆராய்கிறது.

நான்காம் கூறு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. பேணுபவரை 'உழைச்செல்வான்' என்பார் வள்ளுவர். 'உழை' என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தில் நிற்கும் இன்றைய செவிலியரை இச்சொல் நினைவூட்டுகிறது. கட்டிலின் ஒரு கால் தளர்ந்தாலும் கட்டில் சாயும். அதுபோலப் பேணுபவர் தளர்ந்தால் மருத்துவமே தளரும்.

இருதலைக் கொள்ளி

பணிக்கும் குடும்பத்திற்கும் இடையே எழும் முரணை, ஜெஃப்ரி கிரீன்ஹாஸ், நிக்கோலஸ் பியூட்டல் ஆகிய அறிஞர்கள் 1985ஆம் ஆண்டில் மூவகையாக விளக்கினர். ஓரிடத்தில் செலவாகும் நேரம் மற்றோரிடத்திற்குக் கிடைக்காமற்போவது முதல் வகை. ஓரிடத்தில் உண்டாகும் களைப்பும் பதற்றமும் மற்றோரிடத்திலும் தொடர்வது இரண்டாம் வகை. ஓரிடத்திற்கு ஏற்ற நடத்தை மற்றோரிடத்திற்குப் பொருந்தாமற்போவது மூன்றாம் வகை.

2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்று பரவியபோது இம்மூன்றும் ஒருங்கே வந்து சேர்ந்தன. பள்ளிகள் மூடப்பட்டதால் பிள்ளைகள் வீட்டில் இருந்தனர். அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெற்றோரோ மருத்துவமனையில் இருந்தனர். முழுக் கவச உடை அணிந்தோர் பல மணிநேரம் நீர் அருந்தவும் இயலாமல் பணியாற்றினர். உணர்ச்சியை அடக்கி உறுதியுடன் நிற்கப் பழகிய மனம், வீட்டில் குழந்தையிடம் நெகிழத் திணறியது.

இவற்றினும் கொடியது அச்சம். வழக்கமான நாள்களில் களைப்பை மட்டுமே வீட்டிற்குக் கொண்டுசென்றவர்கள், அக்காலத்தில் நோயையும் கொண்டுசெல்ல நேருமோ என அஞ்சினர். பலர் விடுதிகளில் தங்கினர். சிலர் சொந்த வீட்டிலேயே தனியறையில் ஒதுங்கி வாழ்ந்தனர். உலகின் நலவாழ்வுப் பணியாளருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள். வீட்டுப்பொறுப்பின் பெரும்பகுதியையும் பெண்களே சுமக்கும் சமூகத்தில், இச்சுமை இருமடங்காவதில் வியப்பில்லை.

செவிலியர் எழுதிய கடிதம்

2018ஆம் ஆண்டு மே மாதம், கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா தொற்று பரவியது. நோய் இன்னதென்று அறியப்படும் முன்னரே, பேராம்பிரா வட்ட மருத்துவமனையின் செவிலியர் லினி, நோயாளியைப் பேணித் தாமும் தொற்றுக்கு ஆளானார். மே 21 அன்று உயிர்நீத்தார். வளைகுடா நாட்டில் பணியாற்றிவந்த தம் கணவருக்கு அவர் ஒரு சிறு கடிதம் விட்டுச்சென்றார். இனிச் சந்திக்க இயலும் எனத் தோன்றவில்லை என்பதையும், குழந்தைகளை நன்கு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருந்தார். தொற்றின் காரணமாக அவரது உடல் வீட்டிற்குக் கொண்டுசெல்லப்படவில்லை.

லினியின் தொண்டை நாடு போற்றியது, அது தகும். ஆயினும் அக்கடிதம் முழுவதும் ஒரு தாயின் கவலையே நிறைந்திருக்கிறது. தியாகத்தைப் போற்றும் நாம் அக்கவலையையும் காணுதல் வேண்டும்.

உள்ளம் சோரும் வகை

உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில், பணிச்சோர்வு என்பதற்கு வரையறை தந்தது. ஆற்றல் வற்றிய உணர்வு, பணியின்மீது பற்றின்மையும் கசப்பும், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் இதன் கூறுகள். அந்நிறுவனம் இதனை நோய் என வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் நெடுநாள் தீர்க்கப்படாத அழுத்தத்தால் விளைவது என்றே குறித்தது. எனவே, சோர்ந்தவரை மட்டும் குறைகூறுதல் தவறாகும். பணியிடத்தையும் சீர்செய்தல் வேண்டும்.

மற்றொன்று அறக்காயம். வியட்நாம் போர் வீரர்களுக்கு மருத்துவம் செய்த உளவியல் மருத்துவர் ஜோனாதன் ஷே இக்கருத்தை விளக்கினார். தாம் சரியென நம்புவதற்கு மாறான சூழலில் சிக்கிக்கொள்வோரின் மனச்சான்று புண்படுகிறது. படுக்கையும் உயிர்வளியும் போதாமல், யாரைக் காப்பது என முடிவு செய்ய நேர்ந்த மருத்துவர்கள் உற்றதும் இக்காயமே. ஓய்வெடுத்தால் களைப்பு தீரும். இக்காயம் ஓய்வால் மட்டும் ஆறுவதில்லை.

கைதட்டல் போதுமா?

2020 மார்ச் 22 அன்று நாடெங்கும் மக்கள் கைதட்டி மருத்துவப் பணியாளரைப் போற்றினர். அடுத்த மாதமே சென்னையில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றோர் தாக்கப்பட்டனர். மருத்துவப் பணியாளரைத் தாக்குவதைப் பிணையில் வெளிவர இயலாத குற்றமாக்கும் அவசரச் சட்டத்தை நடுவண் அரசு ஏப்ரல் 22 அன்று பிறப்பித்தது. புகழ்ச்சி மட்டும் அரண் ஆகாது என்பதற்கு இது சான்று. மேலும், தெய்வம் எனப் போற்றப்படுபவர் தம் களைப்பை வாய்விட்டுச் சொல்லவும் தயங்குவார்.

வரையறுத்த பணிநேரம், முறைவைத்த ஓய்வு, போதிய பாதுகாப்புக் கருவிகள், இரவுப்பணிக்கும் உதவும் குழந்தைகள் காப்பகம் ஆகியன நிருவாகத்தின் கடமைகள். மனநல ஆலோசனை பெறுவோரின் செய்தி மறைவாகக் காக்கப்பட வேண்டும். அதனால் பதவி உயர்வு தடைபடும் என்னும் அச்சம் நீங்க வேண்டும். உடன் பணியாற்றுவோர் ஒருவர்க்கொருவர் செவிகொடுத்தல் நன்மருந்து. பணி முடிந்து வருபவரைக் கேள்விகளால் துளைக்காமல் சிறிது நேரம் இளைப்பாறவிடுதலும் வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுதலும் குடும்பத்தார் செய்யத்தக்கவை.

நெருக்கடி வந்தபின் அரண் எழுப்புதல் எளிதன்று. அமைதியான காலத்திலேயே காப்போரைக் காக்கும் ஏற்பாடுகளைச் செய்யும் சமூகமே, அடுத்த கொள்ளைநோயை அஞ்சாது எதிர்கொள்ளும்.

தெரியுமா?

மனநல உதவிக்காக நடுவண் அரசு 'டெலி மனஸ்' என்னும் தொலைபேசிச் சேவையை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. அதன் கட்டணமில்லா எண் 14416.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியில் பணியாற்றும் செவிலியர் ஒருவரின் ஒருநாள் பணியை, அவர்தம் இசைவுடன் கேட்டறிந்து கட்டுரையாக்குக.
2. 'தியாகம் என்னும் புகழ்ச்சி உரிமைகளை மறைக்கிறதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: வள்ளுவர் கூறும் மருத்துவத்தின் நான்கு கூறுகள் யாவை?
சிறுவினா: பணிச்சோர்வையும் அறக்காயத்தையும் வேறுபடுத்துக.
நெடுவினா: நெருக்கடிக் காலத்தில் மருத்துவப் பணியாளரின் மனநலம் காக்க நிருவாகமும் குடும்பமும் ஆற்ற வேண்டியவற்றைத் தொகுத்துரைக்க.