பழைய ஜமக்காளம், புதிய குளியலறை

வடசென்னைக் கடலோரத்தில் ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் குளியலறை வாசலில் எப்போதும் ஈரம். பரணில் கிடக்கும் பழைய ஜமக்காளம் அங்கேதான் மிதியடியாக உதவும். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தின் தடித்த பருத்தி நூல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். பளபளக்கும் செயற்கைப் பட்டு நூல் கலந்தது வேண்டாம். ஈரத்தில் வழுக்கும்.

முதலில் தனியாக ஊறவைத்து அலசுங்கள், சாயம் போகலாம். இரண்டடிக்கு ஒன்றரை அடி அளவு குறியுங்கள். வெட்டும் முன்பே, கோட்டின் இருபுறமும் மெஷினில் நெருக்கமாக இரண்டு வரி தையல் போடுங்கள். இதைத் தவறவிட்டால் நூல் பிரிந்து மொத்தத் துண்டும் வீணாகும். ஓரத்தை மடித்துத் தையுங்கள். அடியில் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, நான்கு மூலைகளிலும் நடுவிலும் கோணி ஊசியால் தைத்தால் நகராது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

மிஞ்சிய துணியில் பை தைத்துக் கதவின் வெளிப்புறம் மாட்டலாம். சீப்பு, துண்டு வைக்க வசதி.

கடற்காற்றில் துணி லேசில் காயாது. இரண்டு மிதியடிகள் செய்து, ஒன்று மாடியில் வெயிலில் காயும்போது மற்றதைப் போடுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் பரவிய எண்ணெய் படிந்த ஜமக்காளத்தை மட்டும் வெறுங்காலில் மிதிக்க எடுக்காதீர்கள். எத்தனை முறை துவைத்திருந்தாலும் சரி.